வெள்ளிக்கிழமை எழுதாத விபத்து

மலையாள நாட்டில், சாலைக் கடைத்தெருவில், தமிழர் நடத்திய ஓர் அரிசி மொத்தக் கடையில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினேன். அதில் ஒரே ஒரு வரி ஓர் ஆளின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது. இப்போது கடைகளில் எழுத்து வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குக் குடோனில் அடுக்கி வைத்த மூட்டை அட்டி சரிந்தது. ஒன்பது மூட்டை. அடியில் நின்றவன் நாங்குநேரிப் பக்கத்து இசக்கிமுத்து. இடது பாதத்தில் மூன்று விரல் போயிற்று. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து விபத்துப் புத்தகத்தைத் திறந்தேன். முதலாளி, எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி, என் கையைப் பிடித்தார்.

"சாரே, வெள்ளியும் அதுவுமா புஸ்தகத்துல ரெத்தத்த எழுதாதீரும். நாளைக்கு எழுதிக்கிடலாம்."

இது புதிதல்ல. சேதம், நஷ்டம் எதையும் எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை எழுத மாட்டோம். மறுநாள், மறுநாள் தேதியிலேயே எழுதுவோம். அப்படியே எழுதினேன்.

கடையில் ஆறே பேர் என்பதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் அண்ணாச்சி தொழிலாளர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். இசக்கிக்கு நஷ்டஈட்டு மனுவை நான்தான் நிரப்பினேன். இணைப்பு ஏழு, நகல் மூன்று செட். பக்கங்களை நாலு தடவை எண்ணினேன். தேதியை ஒரு தடவைகூட ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

விசாரணையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து மலையாளம் கலந்த தமிழில் தொடங்கினார்.

"மேடம், கடைப் புஸ்தகத்தில் விபத்து சனியாழ்ச்ச. ஆஸ்பத்திரிச் சீட்டில் வெள்ளியாழ்ச்ச. அடி படும் முன்னே சிகில்ச நடந்தோ? இது கடையில் பட்ட அடியே இல்ல."

நஷ்டஈட்டுக் கமிஷனர் என்னைப் பார்த்தார். கடை வழக்கத்தைச் சொன்னேன்.

"கத கொள்ளாம், நல்ல கத," என்றார் வக்கீல்.

"கத மட்டும் போரா, போதாது. அடுத்த விசாரணைக்கு புரூஃப் கொண்டு வரணும். இல்லெங்கில் மனு நிக்காது," என்றார் கமிஷனர்.

வெளியே பெஞ்சில் இசக்கி ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, இனி மூட்ட தூக்க முடியாது. இது வந்தா ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கலாம்னு இருந்தேன். வரலேன்னா ஊருக்குப் போயி எவன் மூஞ்சியில முழிக்க?"

என்னால் நேர்ந்த கெடுதல். வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போய், மச்சில் கிடந்த பழைய சேதப் புத்தகங்களை இறக்கினேன். பதினேழு. நாலு நாள் உட்கார்ந்து கிழமை வாரியாக எண்ணினேன். ஞாயிறு விடுமுறை. திங்கள் 168, செவ்வாய் 171, புதன் 165, வியாழன் 174, சனி 339. வெள்ளி, பூஜ்யம். சந்தேகத்தில் இன்னும் இரண்டு தடவை எண்ணினேன். பூஜ்யம்தான்.

அடுத்த விசாரணைக்குப் பதினேழு புத்தகத்தையும் சுமந்துபோய் மேஜையில் அடுக்கினோம். தூசியில் வக்கீல் ஆறு தும்மல் தும்மினார். கமிஷனருக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருந்தது. கைக்கு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"எலி கடித்த சாக்கு, சனி. நனைந்த மட்ட அரிசி, சனி. மறுபடியும் எலி, சனி." நிமிர்ந்தார். "வெள்ளியாழ்ச்ச உங்க கடையில எலிகூட கடிக்காதா?"

அண்ணாச்சி கைகட்டி எழுந்து நின்றார். "கடிக்கும் மேடம். நாங்க சனிக்கெழமதான் பாப்போம்."

அறையே சிரித்தது. வக்கீலும் சிரித்தார். "எனிக்கு வேற ஒண்ணும் கேக்கான் இல்ல," என்று ஃபைலை மூடினார். கமிஷனர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கிழமைக் கணக்குத் தாளை வாங்கிக் கோப்பில் சேர்த்தார்.

உத்தரவு இசக்கிக்குச் சாதகமாக வந்தது. அன்று அண்ணாச்சி செலவில் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி. நான் இரண்டு, இசக்கி ஐந்து. இப்போது அவன் மலையோரத்து வித்துராவுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். போன வாரம் நான் கடைப் பக்கம் போனபோது அவன் வண்டியில் பத்து மூட்டை ஏற்றினார்கள். கட்டிய கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். "ஐயா, விடுங்க, நான் இன்னிக்கே போய்ச் சேரணும்," என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பினான்.

பிள்ளைகளே, நடந்ததை நடந்த நாளிலேயே எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எழுதுங்கள்.