துணைக்கு யார் வருகிறார்கள்?

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் சந்தைகளில் பொதுக் கழிப்பறை வாசலில் ஒரு சின்ன மேசை போட்டிருப்பார்கள். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் மடித்து வைத்த காகிதம், பின்னால் நாற்காலியில் ஒரு சீனப் பெண்மணி. சில்லறை போட்டால் காகிதத்தை நீட்டுவார். வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்த மேசையை எத்தனை மணிக்கு எடுத்துவிடுவார்கள், எந்தப் பேரங்காடியில் எந்த மாடிக்கு ஓட வேண்டும், எந்தச் சாப்பாட்டுக் கடையில் ஒன்றும் வாங்காமலே பின்பக்கம் போக விடுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. சுற்றுலா வருகிறவர்கள் சுவரோவியம் தேடி அலையும் தெருக்களை நான் கழிப்பறைகளை வைத்து மனப்பாடம் செய்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்மணி வரிசையை விலக்கி வழிவிடுவார். இந்தத் தீவில் என் அவசரத்தை முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

காரணத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்து எனக்குப் பெருங்குடலில் அழற்சி. அந்தக் காலத்தில் ரத்தம் போனபோது வீட்டில் மூலம் என்றார்கள். ஒரு வருடம் துத்திக் கீரையும் கருணைக்கிழங்குமாகப் போயிற்று. பிறகு விடுதி நண்பன் ஒருவன் வற்புறுத்தி நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனதில் உண்மை தெரிந்தது. மூலம் இல்லை, குடலின் உள்சுவரே புண்ணாகி ஆறி, மறுபடி புண்ணாகும் நோய் என்றார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் விளங்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லாத சாமி, மூலம்னே இருக்கட்டும். நாளைக்குப் பொண்ணு கேக்கணும்" என்றாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான். பொறியியல் படித்தவன். ஆனால் அம்மா சொன்னதைத்தான் கேட்டேன்.

பினாங்குக்கு வந்த பிறகு ஒரு மருத்துவர் அடுத்த கட்டத்தைச் சொன்னார். அழற்சி தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டால், பெருங்குடல் முழுக்க அது பரவியிருந்தால், குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். திரும்பத் திரும்பப் புண்ணாகித் திரும்பத் திரும்பத் தன்னைத் தைத்துக்கொள்ளும் சுவரில், தையல் எங்காவது பிசகலாம் என்று விளக்கினார். "எல்லாருக்கும் வராது. பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் வந்தால் முதலில் வலிக்காது. அதனால்தான் நன்றாக இருக்கும்போதே உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிறோம்." தேதி கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்பதாவது ஆண்டு.

அந்தத் தேதிக்கு நான் போகவில்லை. மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தின நாள் மருத்துவமனைத் தாதி, அதாவது நர்ஸ், தொலைபேசியில் கேட்டார், "தெமான் யார்?" தெமான் என்றால் துணை. டாக்சி பிடித்துப் போய்விடுவேன் என்றேன். "டிரைவர் உங்களுக்கு உறவா?" என்றார். கிண்டலில்லை, உண்மையாகவே பேனாவோடு காத்திருந்தார். இல்லை என்றதும் தேதியை மாற்றினார். இரண்டாவது தேதிக்கு நானே கூப்பிட்டு வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். கடல் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மின்பலகைகளை உருப்பெருக்கியில் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தேடுவேன்.

துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. நான் குடியிருப்பது கெலுகோரில் ஒரு வீட்டின் மாடியறை. கீழே கமலா அக்காவும் அவர் கணவர் சேகர் அண்ணனும். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர்கள். குடிவந்த முதல் வாரமே அக்கா இந்த ஊர் 'லா' போட்டுக் கூப்பிட்டார், "தம்பி, கோழிக் கறி வச்சிருக்கேன், வந்து சாப்பிடுங்க லா." வயிறு சரியில்லை என்றேன். அடுத்த வாரம் வெறும் தேநீர். அதற்கும் வயிறு சரியில்லை. அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்தவர் வீட்டுக் கழிப்பறைக்கு ஓடுவதை நினைத்தாலே எனக்கு வேர்த்துவிடும். மாதங்கள் போயின. அக்கா கூப்பிடுவதை நிறுத்தினார்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் அவர்கள் குடும்பம் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தது. நானும் போய்க் காலையிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தேன். மதியம் அக்கா பூசைச் சோற்றை இலையில் வைத்து நீட்டினார். சுற்றிலும் கூட்டம், தற்காலிகக் கழிப்பறை முன்னால் நீண்ட வரிசை. "வேண்டாம்க்கா" என்றேன். அக்கா இலையோடு திரும்பிப் போனார். பந்தல் துணிக்குப் பின்னால் சேகர் அண்ணன் குரல் கேட்டது. "விடு கமலா. சாமி சோறுகூட நம்ம கையால வாங்க மாட்டாரு. பெட்டியில துணியோட சேத்து ஜாதியையும் மடிச்சுக் கொண்டாந்திருக்காரு."

துணியை விலக்கி உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நொடியில் எனக்கு ஏற்பட்டது கோபமில்லை, நிம்மதி. இனிமேல் யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள் என்ற நிம்மதி.

அந்த நிம்மதி எவ்வளவு கேவலமானது என்பது ஊரில் எங்கள் தெரு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். எனக்குப் பொறியியல் இடம் கிடைத்தபோது, எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழ்த்துச் சொல்ல வீடுவரை வந்தார். அப்பா மூட்டை தூக்கிய சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டார். எங்கள் டம்ளரில் குடிக்க மாட்டார் என்று தெரிந்து அம்மா கடையில் மூடி திறக்காத கலர் பாட்டில் வாங்கி வந்தாள். அவர் வாசலிலேயே நின்று, "வயிறு சரியில்லம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான், எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பாட்டிலை நாங்களும் குடிக்கவில்லை. அது அலமாரியில் சாயம் வெளுக்கும்வரை இருந்தது. அவர் சொன்ன அதே இரண்டு சொற்களைத்தான், கடல் தாண்டி வந்து, அக்கா வீட்டு வாசலில் நின்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது உண்மை என்பதால் கேட்கிறவர்களுக்கு அது வேறாகிவிடுமா?

போன மாதம் ஒரு மாலை, வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வரும்போது பாலத்தின் நடுவில் விபத்து. இரண்டு பக்கமும் கடல், முன்னும் பின்னும் வண்டிகள். நாற்பது நிமிடம் பேருந்து நகரவில்லை. அதற்குமேல் என்ன நடந்தது என்று விவரிக்கப் போவதில்லை. கடைசி இருக்கையில் மடியில் பையை வைத்துக்கொண்டு, எல்லாரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீரில் மறுபடியும் ரத்தம் தெரிந்தது. கதவு தட்டும் ஓசை.

"தம்பி, பைப்பு ஒடஞ்சிருச்சா? ஒரு மணி நேரமா தண்ணி ஓடுது."

திறந்தேன். அக்கா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து நோயைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். தவறவிட்ட இரண்டு தேதிகளையும் சொன்னேன்.

அக்கா உள்ளே போய்க் குழாயை மூடினார். பிறகு, "ஒரு வருஷமா உன்ன நான் மனசுக்குள்ள திட்டாத நாளில்ல" என்றார்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தே?"

அதுவரை 'நீங்க' என்று பேசியவர் 'நீ'க்கு வந்திருந்தார். "ஜாதி பாக்குறவன்னு பேர் வாங்குறது பரவால்ல, வயித்தால போவுதுன்னு சொல்றது அசிங்கம். நல்ல படிப்பு படிச்சிருக்க லா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். மறுநாள் அவரே நின்று மருத்துவமனைக்குக் கூப்பிட வைத்தார். "காடில கொண்டுபோய்க் கொண்டாரது என் வேல. தேதிய வாங்கு." காடி என்றால் இங்கே கார்.

மருத்துவமனையில், தொலைபேசியில் பேசிய அதே தாதி. என் கடவுச்சீட்டையும் அக்காவின் அடையாள அட்டையையும் மேசையில் வைத்துக்கொண்டு, உறவு என்ன என்று கேட்டார். "காக்காக்" என்றார் அக்கா, அக்கா என்பதற்கு மலாய்ச் சொல். ஒருவர் மலேசியா, ஒருவர் இந்தியா, எப்படி என்று தாதிக்குக் குழப்பம். "அம்மா ஒண்ணுதான் மிஸி, கப்பல் வேற வேற" என்று அக்கா மலாயில் சொன்னார். தாதி சிரிக்கவில்லை, படிவத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மயக்கம் தெளிந்தபோது மருத்துவர் படங்களைக் காட்டினார். குடல் சுவரில் நீலச் சாயம் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். ஓரிடத்தில் சாயம் மற்ற இடங்களைப்போல் பிடிக்கவில்லை. நகக்கண் அளவு தட்டையான திட்டு. அங்கிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் துணுக்குகள் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். "ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். போன இரண்டு முறை ஏன் வரவில்லை?"

"துணைக்கு ஆள் இல்லை."

அவர் என் தலைக்குமேல் கதவைப் பார்த்தார். அங்கே அக்கா என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அன்று மதியம் முதன்முதலாக அக்கா வீட்டு மேசையில் சாப்பிட்டேன். குழைந்த சோறு, வடிகட்டிய ரசம், ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர். "அப்ப நீ ஜாதியே பாக்கல?" என்றார், மறுபடியும் உறுதி செய்துகொள்வதுபோல. "இல்லக்கா" என்றேன். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த பாட்டிலைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. நோயைச் சொல்லிவிட்டேன், அதைச் சொல்ல முடியவில்லை. இதைப் படிக்கிற, என்னைப் போல அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு இதில் ஏதாவது விளங்கினால் சரி.

சாப்பிட்டு முடித்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள். "சாப்பிட்டியா?"

"கீழ அக்கா வீட்ல சாப்பிட்டேன்மா."

அம்மா குரலைத் தாழ்த்தி, "நாம யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"யாரு, அம்மாவா?" என்று அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "குடு, நான் பேசுறேன்."

இந்த வீட்டுக்கு என் நோய் தெரியும், நான் யார் என்று தெரியாது. அந்த வீட்டுக்கு நான் யார் என்று தெரியும், நோய் எதுவரை போனது என்று தெரியாது. நீட்டிய கைக்கும் காதில் இருந்த குரலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பிறகு போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, டம்ளரில் மீதியிருந்த வெந்நீரை வாய் வைத்துக் குடித்தேன்.