சிவப்பு மையில் திருத்திய கடிதம்

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். மதுரையில் ஆரப்பாளையம் பக்கம் ஒரு தொழிற்பள்ளியில் எனக்கு இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது. பி.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருஷம் தல்லாகுளத்து ஆபீஸ் படிகளில் மனுவோடு ஏறி இறங்கியவன் நான். கிடைத்ததும் தற்காலிக வேலைதான். "வருஷக் கடைசியில் நிரந்தரம் பண்றதப் பத்திப் பாக்கலாம்" என்று பள்ளியின் சூப்பரிண்டெண்டு சொல்லியிருந்தார். அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லுக்காக நான் எப்படிப்பட்டவனாக மாறினேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் என்று பெயர். பாதிப் பேருக்கு மீசை இருந்தது, சிலருக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. காலையில் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, மத்தியானம் எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு என் வகுப்புக்கு வருவார்கள். முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். லேத்து, பைலு, வைசு, போல்ட்டு, நட்டு என்று இங்கிலீஷ் பெயர்ச்சொற்கள் என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். வினைச்சொல்தான் ஒன்றுகூடக் கிடையாது. பொருள்கள் எல்லாம் கையில் இருந்தன. யார் எதைச் செய்தார் என்று சொல்ல மட்டும் வழியில்லை.

பள்ளிக்கு வந்த பாடப் புத்தகத்திலோ பனி பெய்தது. யாரோ ஒரு சீமாட்டி தன் நாய்க்குட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் வந்தால் அந்தப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்ட வேண்டும். அர்த்தம் கேட்க மாட்டார்.

அந்த வகுப்பில் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன் என்றால் அதிகம். சம்சாரி வீட்டுப் பிள்ளை. மழை தவறிய ஒரு வருஷம், இனி நிலத்தை நம்பிப் பயனில்லை என்று மெஷின் வேலை கற்க வந்தவன். லேத்தில் அவன் கை பேசும் என்று பட்டறை மேஸ்திரியே சொல்வார். அவன் மட்டும்தான் சீமாட்டியின் நாய்க்குட்டியைப் பற்றி என்னிடம் கோபித்துக்கொண்டான்.

"சார், இந்த நாய் கெடச்சா என்ன, கெடைக்காட்டி என்ன? நாளைக்கி மில்லுல தொரை முன்னாடி நின்னா நாங்க என்ன பேசுறது? அதச் சொல்லிக் குடுங்க."

எனக்கு ரோஷம் வந்தது. மறுநாளே புத்தகத்தை மூடிவிட்டு, "சூப்பரிண்டெண்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பட்டறையில் என்ன குறை என்று எழுதுங்கள்" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். "நெசமாவே இருக்குற கொறையை எழுதலாமா சார்?"

"நிஜமாகவே எழுது."

மற்றவர்கள் குடிதண்ணீர்ப் பானை, ஓட்டைக் கூரை என்று ஆளுக்கு இரண்டு வரி கிறுக்கினார்கள். அவன் ஒரு பக்கம் எழுதியிருந்தான். மூலையில் இருக்கும் லேத்தின் தோல் பெல்ட், இணைப்பு விட்டுப் போயிருக்கிறது. கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஓடும்போது கம்பி நீட்டிக்கொண்டு வருகிறது. யார் கையையாவது இழுத்துவிடும். தயவுசெய்து மாற்ற வேண்டும். கிழிந்திருக்கிறது என்பதற்கு "தி பெல்ட் இஸ் டேர்" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் 'டோர்ன்' என்று திருத்தினேன். இன்னும் எட்டோ ஒன்பதோ திருத்தம். கீழே பத்துக்கு ஏழு போட்டேன். வினைச்சொல் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு நோட்டை மேஜை டிராயரில் வைத்து மூடினேன்.

ஒரு வாரம் கழித்து நடையில் என்னை நிறுத்தினான். "சார், அவுககிட்டக் குடுத்துட்டீகளா?"

"பாக்கலாம்" என்றேன். அந்தச் சொல் எனக்கும் பழகிவிட்டிருந்தது.

கொடுத்திருக்கலாம். இருபதடி தூரத்தில்தான் சூப்பரிண்டெண்டின் அறை. ஆனால் பெல்ட்டை மாற்றச் சொல்வதற்கு நீர் யார், பட்டறையில் உமக்கு என்ன வேலை என்று கேட்டால்? வருஷக் கடைசிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, பட்டறைப் பக்கமிருந்து கூச்சல் வந்தது. நான் போனபோது மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். இணைப்புக் கம்பி அவன் சட்டைக் கையில் மாட்டி, கையைச் சக்கரத்துக்குள் இழுத்துவிட்டிருந்தது. நல்லவேளையாக மேஸ்திரி ஓடிப்போய் நிறுத்தியதால் தோளோடு போகாமல் தப்பியது. ஆஸ்பத்திரியில் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, கட்டுப் போட்ட கையோடு அவனைச் சூப்பரிண்டெண்டு கூப்பிட்டனுப்பினார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். மேஜை மேல் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு காகிதம். தன்னுடைய சொந்தக் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்றும், தானாகவே பள்ளியிலிருந்து விலகிக்கொள்வதாகவும் அவன் சொல்வதுபோல் இருந்தது.

"வாத்தியார் படிச்சு அர்த்தம் சொல்வார். கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு" என்றார்.

அவன் காகிதத்தை இடது கையால் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து, மெதுவாக, தானே வாசித்தான். 'கேர்லெஸ்நெஸ்' என்ற சொல்லில் மட்டும் இரண்டு தரம் தட்டினான். முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அர்த்தம் வெளங்குது. ஆனா நான் எழுதுன லெட்டரப் பத்தி இதுல ஒண்ணுமில்லையே?"

"எந்த லெட்டர்?"

"பெல்ட்டு பிஞ்சு கெடக்குன்னு மொதல்லயே எழுதிக் குடுத்தேன். சார்கிட்டக் கேளுங்க."

சூப்பரிண்டெண்டு என் பக்கம் திரும்பினார். "என்னய்யா லெட்டர்? எனக்கு ஒண்ணும் வரலையே?"

அந்த அறையில் மின்விசிறி கிடையாது. என் கோட்டுக்குள் வியர்த்து வழிந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், உதவிக்குக்கூட அல்ல, உண்மை என்று ஒருவர் சொன்னால் போதும் என்பதுபோல.

"அது பாடத்துக்கு எழுதினது சார்" என்றேன். "பயிற்சிதான். நிஜமான லெட்டர் இல்லை."

நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதனால்தான் அதை என்னால் சொல்ல முடிந்தது.

பேனாவை இடது கைக்கு நீட்டினார்கள். அவன் அதை வாங்காமல், மேஜை மேலிருந்த மைப்பெட்டியில் இடது கட்டைவிரலை அழுத்தி, காகிதத்தில் பதித்துவிட்டு வெளியே போனான். அழகாக இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன். கீழே சாட்சி என்று நான் என் பெயரை எழுதினேன்.

அடுத்த வாரம் அந்த லேத்துக்குப் புது பெல்ட் வந்தது. வருஷக் கடைசியில் என் வேலை நிரந்தரமாயிற்று. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் குடித்தேன்.

மனம் கேட்காமல் தைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவன் ஊருக்குப் போனேன். கிணற்றடியில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு விரல் கையால் வாளியை எப்படியோ பிடித்திருந்தான்.

"வாங்க" என்றான். சார் என்ற சொல் வரவில்லை.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க. அதப் பேசி இப்ப என்ன ஆகப் போகுது? வெரலு மொளைக்கவா போகுது?" என்று மாட்டின் மேல் தண்ணீரை ஊற்றினான். "பஸ்ஸு இப்ப வந்துரும். இத விட்டா சாயங்காலந்தேன்."

வீட்டு வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். "யாருங்க அது?" என்று கேட்டாள்.

"தெரியல. ஏதோ வழி கேட்டு வந்திருக்காரு" என்றான்.

நான் நிற்பது தெரிந்துதான் சொன்னான். வரப்பில் இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்தேன். திங்கட்கிழமை காலை வழக்கம்போல் வகுப்புக்குப் போய், சீமாட்டியின் பாடத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொன்னேன்.