கடைசி வரிசைக் கன்றுகள்

எங்கள் நாற்றங்காலில் அவளுக்குப் பெயர் கைராசிக்காரி. அவள் நட்டால் விறகுக்கட்டையும் துளிர்க்கும் என்று நான்தான் கிண்டல் செய்வேன். கழிவுநீரைக் கலந்து கொடுப்பது என் வேலை. அதை அலையாத்திக் கன்றுகளுக்கு ஊற்றுவது அவள் வேலை.

கன்றுகள் நான்கு வரிசை. முதல் வரிசைக்கு நல்ல தண்ணீர், அடுத்ததற்கு ஈயமும் செம்பும் கலந்தது, மூன்றாவதற்கு எண்ணெய்க் கழிவு, கடைசிக்கு எல்லாம் சேர்த்து. எங்கள் ஓடையில் படகுப் பட்டறையின் எண்ணெய் ஏற்கெனவே மிதக்கிறது. மேலே இருக்கும் உலோக ஆலையும் தன் கழிவுக் குழாயை அதில் திறந்துவிடலாமா என்று கடைசி வரிசைதான் சொல்ல வேண்டும். ஓடைக்கரையில்தான் அவளுடைய அக்கா வீடு. அலையாத்திகள் போனால் அடுத்த புயலுக்கு அந்த வீடும் போகும்.

ஆலைக்காரர்கள் பார்க்க வந்த காலையில் நடு வரிசைகள் வாடி நின்றன. கடைசி வரிசை மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

"பாத்தீங்களா? ரெண்டும் சேந்தா ஒண்ணும் ஆகல," என்று ஆலை மேலாளர் சிரித்தார்.

எங்கள் ஆய்வாளரம்மா என்னை முறைத்தார். "ஒழுங்காத்தான் கலந்தீங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் கைராசிக்காரி முன்னால் வந்தாள். பேசினால் அவளுக்கு வேலை போகும்.

"அண்ணன் மேல தப்பில்லம்மா. மத்ததுங்க தாக்குப் பிடிச்சுது. இதுங்கதான் ஊத்தின வேகத்துல தல சாஞ்சுடுச்சு. மனசு கேக்கல. நீங்க போனதும் தினமும் மண்ணக் கழுவி நல்ல தண்ணி ஊத்தினேன்."

மேலாளரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாவம் பாத்துப் பாழாக்கிட்டியே!" என்று ஆய்வாளரம்மா கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "புதுக் கன்னு வைப்போம். நீயே ஊத்து. ஒரு சொட்டு நல்ல தண்ணி படக் கூடாது."

அவள் ஊற்றினாள். பழக்கத்தில் கை நல்ல தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகும். மறு கையால் அதைப் பிடித்துக்கொள்வாள். நான் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். பார்க்கவே பொறுக்கவில்லை.

கடைசி வரிசையில் ஒன்றுகூட மிஞ்சாத அன்று அவள் என்னிடம் வந்தாள்.

"இனிமே ஆலைக் குழாயத் தொறக்க மாட்டாங்கல்ல, அண்ணே?"

"மாட்டாங்கம்மா. அம்மா அறிக்கை அனுப்பிட்டாங்க."

"அக்காகிட்ட சொல்லிடறேன்," என்றாள். செத்த கன்றுகளைப் பிடுங்க என்னைத்தான் அனுப்பினாள்.