இடப்பக்கத்து மச்சம்

ஸ்கேலை அழுத்திப் பிடித்த இடது கையும், அட்டையின் பின்பக்கம் பென்சில் கோடு இழுத்த வலது கையும் பதறவில்லை. மனம்தான் பதறியது. படங்களுக்குப் பிரேம் போடுவது அவள் வேலை. இன்று கோட்டை வழக்கத்தைவிட உள்ளே தள்ளிப் போட்டாள். அந்த அளவுக்கு, படம் தெரிவதற்கான ஜன்னலை அட்டையில் வெட்டினால், படத்தின் இடது ஓரத்துப் புள்ளி அட்டைக்கு அடியில் மறைந்துவிடும். மறைந்து ஒழியட்டும்.

படம், லினோ என்கிற ரப்பர் மாதிரியான பலகையில் அவள் கணவன் செதுக்கி, மை தடவி அச்சிட்டது. பார்க்கிறவர்களுக்கு வெறும் வளைவுகள். அடர்சிவப்பில் மேலிருந்து இறங்கி, ஒடுங்கி, பிறகு சரிந்து விரியும் இரண்டு கோடுகள். அடியில் 'ஆசை' என்று எழுதியிருந்தான். அவன் கோடு அவளுக்குத் தெரியாதா? அது ஒரு பெண்ணின் பின்கழுத்து. இடப்பக்கம் மச்சம். அவளுக்கும் அங்கே மச்சம் உண்டு, ஆனால் வலப்பக்கம்.

அப்படியானால் இவள் யார்?

போன மாதம் முழுக்கப் பல்வலி என்று டாக்டரம்மாவிடம் நடையாய் நடந்தான். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இத்தனை நடையா? டாக்டரம்மா முடியைக் கட்டையாக வெட்டியிருப்பாள். கழுத்து பளிச்சென்று தெரியும். மை காய்வதற்குள் இந்தப் படம் எனக்குத்தான் என்று சொல்லிவைத்ததும் அவளே.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை செய்ய ஒரே அறை. வெளிச்சத்துக்காக அவள் ஜன்னலோரம் உட்காருவாள். அவன் மேஜை அவளுக்குப் பின்னால்.

"பல்லு எப்படி இருக்கு?" திரும்பாமலே கேட்டாள்.

"அதான் புடுங்கியாச்சே."

"டாக்டரம்மா கை பூ மாதிரியாமே?"

"பூவா? நான் போட்ட கூச்சல்ல வெளிய இருந்தவங்க ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க. என்னடி, காலையிலேருந்து குத்திக் குத்திப் பேசுற? அந்தப் பலகையை அலமாரியில வை, துடைச்சாச்சு."

வெடுக்கென்று எழுந்து எடுத்தாள். பலகையில் மச்சம் வலப்பக்கம் இருந்தது.

பலகையில் இருப்பது தாளில் இடவலம் மாறித்தான் விழும். அதனால் அவன் எதையும் முதலில் மெல்லிய தாளில் வரைந்து, அதைத் திருப்பிப் போட்டுப் படியெடுத்த பிறகே உளியைத் தொடுவான்.

"வரைஞ்ச தாள் எங்க?"

"வரையலை."

"மறந்துட்டீங்களா? நீங்களா?"

அவன் உளியைத் துணியில் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். "நீ பாட்டுக்குக் குனிஞ்சு அட்டை வெட்டிட்டிருந்த. பார்த்துக்கிட்டே செதுக்கிட்டேன். அச்சு எடுத்தப்பதான் பக்கம் மாறினது தெரிஞ்சுது."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நிமிர்ந்து உட்கார்ந்திருப்ப."

அவளுக்குக் காது சுட்டது. போய் உட்கார்ந்து, பழைய கோட்டை அழித்து, புள்ளிக்குத் தாராளமாக இடம் விட்டு வெட்டினாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தாள். "இந்தப் புள்ளி மை தெறிச்சதா?"

"இல்லைங்க டாக்டர். அது படத்தோட சேர்ந்தது."

டாக்டரம்மா நன்றாகக் குனிந்து பார்த்தாள். குனிந்த டாக்டரம்மாவின் பின்கழுத்தில் எந்த மச்சமும் இல்லை என்று இவளும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகுதான் படத்தைத் தூக்கிக் கொடுத்தாள்.