மஞ்சள் தடவிய பிட் நோட்டீஸ்

ரேணிகுண்டாவில் நான் தையல் கடை போட்ட வருடம், தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஊரைச் சுற்றிப் புதுப்புதுக் கம்பெனிகள் வந்து, அவற்றில் ஒன்றில் என் கணவருக்கு வேலை கிடைத்து, நகரியிலிருந்து நாங்கள் மூன்று பேர் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தோம். அவர், நான், அவருடைய அம்மா. நான்காவதாக என் தையல் மிஷின். பாசஞ்சர் ரயிலில் மிஷினுக்கு ஒரு இடம் பிடித்துவிட்டு அத்தையைப் புத்தூர் வரைக்கும் நிற்க வைத்தேன் என்று அத்தை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான்.

நகரியில் நான் ஒரு ரெடிமேட் கம்பெனிக்கு உள்பாவாடை தைத்துக்கொண்டிருந்தவள். டஜன் டஜனாக ஒரே அளவு, ஒரே தையல். யார் உடுத்துகிறார்கள் என்றே தெரியாது. ஒருத்தியை எதிரே நிறுத்தி, அளந்து, அவள் உடம்புக்கென்றே வெட்டித் தைத்து, அதை அவள் போட்டுப் பார்த்துச் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. எலி வளையானாலும் தனி வளை அல்லவா? வாடகை வீட்டின் தெருப்பக்க அறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. வந்ததெல்லாம் பிய்ந்த பை, ஜிப்பு போன பேண்ட், தலையணை உறை. ரவிக்கை தைக்க ஒருத்தியும் வரவில்லை. புதுசாக வந்தவளிடம் நல்ல துணியை யார் நம்பிக் கொடுப்பார்கள்? வீட்டுக்காரம்மா ஒரு நாள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஒரு பையன் எஸ்.டி.டி. பூத்துக்கு இந்த ரூமைக் கேக்கறான்மா. சங்கராந்தி வரைக்கும் பாக்கறேன். கடை நடக்கலன்னா அவனுக்குக் குடுத்துடுவேன், தப்பா எடுத்துக்காதே."

அத்தை அதைக் கேட்டு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "மிஷினைத் தூக்கிக்கினு நகரிக்கே போயிடு. பாவாடை தைக்க அங்க எவன் வேணாம்னான்?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் ஊசியை உடைத்துவிட்டேன். அன்றைக்கே தீர்மானித்தேன், பிட் நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

மெயின் ரோட்டு ரெடிமேட் கடைக்காரர் நாலு கலரில் வழவழவென்று நோட்டீஸ் அடித்து, மைக் கட்டிய ஆட்டோவிலிருந்து வீசிக்கொண்டு போவார். எங்கள் தெருப் பிள்ளைகள் அதில் ராக்கெட் செய்வார்கள். மிச்சத்தில் கடலைக்காரர்கள் வேர்க்கடலை மடிப்பார்கள். அந்த மாதிரி அடிக்க எனக்கு வசதி இல்லை, ஆனால் ஆசை இருந்தது. திருப்பதியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கேட்டேன். ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் மிஷினைத் தொடுவோம் என்றார்கள். டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் ஸ்டென்சில் வெட்டி உருட்டித் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் காட்டிய மாதிரித் தாளைத் தொட்டதுமே விரலெல்லாம் கறுப்பு. துணியில் வந்து ஒட்டினால் என் பிழைப்பு என்னாவது என்று திரும்பிவிட்டேன்.

கடைசியில் ஒரு சந்துக்குள் சின்ன அச்சகம் ஒன்று கிடைத்தது. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷின். கார்த்திகை மாதம், முகூர்த்தங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அறை முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள் காய்ந்துகொண்டிருந்தன. முதலாளி தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். என் பையின் எடையைப் பார்த்த மாத்திரத்திலேயே அளந்துவிட்டார்.

"அம்மா, மிஷின்ல இப்போ சிவப்பு மை இருக்குது. கறுப்பு வேணும்னா கழுவணும், அந்தக் கூலி உங்க தலைலதான் விழும். சிவப்புலயே ஓட்டிடலாமா?"

ஓட்டிடலாம் என்றேன்.

"பத்திரிகை வெட்டினதுல மஞ்சக் காகிதம் ஓரம் ஓரமா மிஞ்சிக் கிடக்குது. உங்களுக்கு சும்மாவே தர்றேன்."

சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அவர் சொந்த அண்ணனாகவே தெரிந்தார். தையல் மிஷின் படம் போட முடியுமா என்று கேட்டேன். அதற்குத் தனியாக பிளாக் செய்ய வேண்டும், செலவு. இருக்கிற பிளாக்குகளைக் கொட்டிக் காட்டினார். பிள்ளையார், நாதஸ்வரம், கைகோத்த மணமக்கள், கலசத்தின் இரண்டு பக்கமும் வாழைமரம். மணமக்களை ஒதுக்கிவிட்டு, புத்திசாலித்தனமாக நான் கலசத்தை எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? ஓடி முடிந்த ஒரு பத்திரிகையின் எழுத்துகள் கலைக்காமல் சட்டத்திலேயே இருந்தன. தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. பெயரையும் இடத்தையும் மட்டும் மாற்றினால் எழுத்துக் கோக்கிற கூலியும் மிச்சம் என்றார். மணமகன் பெயர் இருந்த இடத்தில் கொட்டை எழுத்தில் 'ரவிக்கை' வந்தது. மணமகள் பெயர் இருந்த இடத்தில் 'சுடிதார்'. நடுவில் இருந்த பூவை எடுக்க எனக்கே மனம் வரவில்லை. கடைக்கு அதுவரை பூஜை போடாததால் 'வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி சுபமுகூர்த்தத்தில் திறப்பு' என்று போட்டோம். கீழே 'தாங்கள் குடும்பத்துடனும் உற்றார் உறவினருடனும் வருகை தந்து' என்ற வரி அப்படியே நின்றது. எவ்வளவு மரியாதையான நோட்டீஸ், ரெடிமேட் கடைக்காரனுக்கு இந்த மரியாதை தெரியுமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பூரித்துப்போனேன்.

வீட்டில் அத்தை நோட்டீஸ் கட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. கலசத்தை விரலால் தடவினார். பிறகு மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் நாலு மூலைக்கும் வைக்க ஆரம்பித்தார். மூளியாகக் கொடுக்கக் கூடாதாம். நல்ல காரியத்தின் முதல் காகிதம், வைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பேப்பர்காரரிடம் கொடுத்து உள்ளே செருகி அனுப்பலாம் என்றபோது அத்தை விடவில்லை.

"அதுக்கு வேற காசா? நான் எதுக்கு இருக்கறேன்? நானே போய்க் குடுத்துட்டு வர்றேன்."

மூன்று நாள் காலையும் மாலையும் போனார். வாசலில் தொங்கவிட மாதிரி ரவிக்கை ஒன்றை நான் தைத்துக்கொண்டிருந்ததால் கூடப் போகவில்லை. இடுப்பில் என்ன செருகிக்கொண்டு போகிறார் என்றும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு மிஷினுக்குப் பூ வைத்து, கற்பூரம் தயாராக வைத்துக்கொண்டு, நாலு பேராவது வர வேண்டுமே என்று சாமியை வேண்டினேன். முதலில் வந்தது தெருக்கோடி ரயில்வே கேங்மேன் குடும்பம். அவர் மனைவி பட்டுப்புடவையில் இருந்தார். அவர் இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பிள்ளைகளுக்கும் தலை நிறைய எண்ணெய். அந்தம்மா கையில் தட்டு. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துணி.

என் முதல் ரவிக்கைத் துணி! "அளவு ரவிக்கை கொண்டு வந்தீங்களா அக்கா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தட்டை மிஷின் மேல் வைத்து, எனக்குக் குங்குமம் இட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு குடும்பம், அதன் பின்னால் இன்னொன்று. எல்லோரும் பட்டில், எல்லோர் கையிலும் தட்டு. அறை நிறைந்து, வாசல் நிறைந்து, தெருவில் பாய் விரிக்கும்படி ஆயிற்று. ஒரு சின்னப் பெண் அறை முழுக்கத் தேடிவிட்டு "பெள்ளிகூத்துரு ஏதம்மா?" என்று கத்தினாள். கல்யாணப் பெண் எங்கே என்று கேட்கிறாள். அவள் அம்மா அவள் தொடையில் கிள்ளினார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தையைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அத்தே, இன்னா சொல்லிக் கூப்ட்டீங்க?"

"இன்னா சொல்லுவாங்க? எங்க ஊட்டு விசேஷம், அவசியம் வரணும்னு, குங்குமச் சிமிழை இடுப்புல செருகிக்கினு போயி ஒவ்வொருத்திக்கும் பொட்டு வச்சிக் கூப்ட்டேன்."

எங்கள் பக்கம் பொட்டு வைத்து அழைத்தால் போய்த்தான் ஆக வேண்டும். போகாவிட்டால் அந்த வீட்டு நல்லதுக்கு வர மறுத்ததாக அர்த்தம். இது தெரியாத பெண்பிள்ளை ஆந்திராவில் உண்டா?

"அது நோட்டீஸ், அத்தே! ஊட்டு வாசல்ல போட்டுட்டு வர்றது!"

அத்தைக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உன் கடை நம்ம ஊட்டு விசேஷம் இல்லியா? வாசல்ல வீசிட்டு வர்றதுக்கு நான் இன்னா எச்சில் எலையா எடுத்துக்கினு போனேன்?"

கடையை மூடச் சொன்ன அதே வாய். மூன்று நாளாக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, என் கடையைத் தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி அழைத்துவிட்டு வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரலெல்லாம் மஞ்சள்.

"அழுவாத. வந்தவங்க துன்னாம போவக் கூடாது. ரவை எவ்ளோ கீது பாரு" என்றார்.

என் கணவர் சைக்கிளில் ரவைக்குப் பறந்தார். வீட்டுக்காரம்மாவுக்கும் அத்தை பொட்டு வைத்திருந்ததால் அவரும் பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு அண்டாவைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். வந்த விருந்தாளிகளே பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெங்காயம் அரிந்தார்கள். கேங்மேன் இலை போட்டார். இரண்டு அண்டா உப்புமா, வந்த தட்டுகளில் இருந்த வாழைப்பழம். நகரியில் என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சிரித்ததில்லை. அங்கே தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்தபோது மிஷின் மேல் முப்பதுக்கும் மேல் ரவிக்கைத் துணி குவிந்திருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அவங்கவங்க குடுத்த துணியில அவங்கவங்களுக்கே தச்சித் தர்றேன், சங்கராந்திக்குப் போட்டுக்குங்க" என்றேன்.

அத்தை பதறிவிட்டார். "வச்சிக் குடுத்ததைத் திருப்பிக் குடுப்பியா? ஆவாது." பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சீர் தட்டில் வந்தது திரும்பிப் போகக் கூடாது.

பிறகு அத்தையே துணிகளைச் சீட்டுக் கட்டு மாதிரி கலைத்துப் போட்டார். "இவ குடுத்தது அவளுக்கு, அவ குடுத்தது இவளுக்கு. எப்டியும் இந்த ஜாக்கெட் பீசுங்க எல்லாம் ஊட்டுக்கு ஊடு சுத்திக்கினுதானே கெடக்குது?"

எழுந்த சிரிப்பில் உண்மை இருந்தது. அந்தக் குவியலில் ஒரு கிளிப்பச்சைத் துணியை மூன்று பேர், இது நான் போன வருஷம் கொலுவுக்கு வைத்துக் கொடுத்தது என்று அடையாளம் சொன்னார்கள். வைத்துக்கொடுத்தே வயதாகிப்போன துணி. அதை வெட்டித் தைத்தால்தான் அதற்கு விமோசனம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அன்று மாலை வரைக்கும் ஒவ்வொருத்தியாக எதிரே நிறுத்தி அளந்தேன். புது நோட்டுப் புத்தகத்தில் தெருவே ஏறிவிட்டது.

சங்கராந்திக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்காரம்மா வந்தார். உடம்பில் நான் தைத்த கிளிப்பச்சை ரவிக்கை. கையைத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தார், சிரித்தார். நான் ஆசைப்பட்ட சிரிப்பு அதுதான். ஆனால் கெடு முடிகிற நேரமாயிற்றே, ரூமைக் கேட்கத்தான் வந்தாரோ?

"அந்த பூத்துப் பையனுக்கு பஸ் ஸ்டாண்டாண்ட வேற ரூம் காட்டிட்டேன்" என்றார். அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெடிமேட் கடை நோட்டீஸெல்லாம் குப்பைக்குப் போச்சுது. மஞ்ச வச்ச பத்திரிகையை எவ தூக்கிப் போடுவா? உன்னுது எல்லார் வீட்டுலயும் சாமி மாடத்துல இருக்குது. அந்தப் பையன் பாத்துட்டு, நானும் அந்த மாதிரி அடிக்கணும், உங்க அத்தையை அனுப்புவியான்னு கேக்கறான்."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"போன் பூத்துக்கு எவனாவது பொட்டு வச்சிக் கூப்புடுவானா?"

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் அத்தை.

"சரி, மஞ்சளை அவனையே வாங்கியாரச் சொல்லு."