பரிமளாவின் உதாரண வாக்கியங்கள்

பரிமளா யாரையாவது இமைக்காமல் பார்க்கிறாள் என்றால், இன்னும் ஐந்து நிமிடத்தில் அவர் ஒரு உதாரண வாக்கியமாகப் போகிறார் என்று பொருள். ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தப் பட்டுக்கடையில் எல்லோருக்கும் இது தெரியும். காலை ஒன்பதேகாலுக்கு அவள் பேனா மூடியைக் கடித்தபடி கண்ணைச் சுழலவிட்டதும், கேஷியர் அருள்தாஸ் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பிப்பார். அன்றைக்குத் தேடியும் தப்பவில்லை. ‘இவேசிவ்: கேட்டதற்கு நேராக நிற்காமல் நழுவுகிற’ என்று எழுதி, அதன் கீழே பரிமளா எழுதினாள்: ‘எங்கள் கேஷியர் இவேசிவ். இப்போதுகூட மேசைக்கடியில் இருக்கிறார்.’

இருநூறு பக்க கோடு போட்ட நோட்டு, இது ஐந்தாவது. தினம் ஒரு வார்த்தை, காலை ஆறு மணிக்கு போனில் ஒரு ஆப் அனுப்பி வைக்கிறது. அதை எழுத்துக்கூட்டி இறக்கி, இங்கிலீஷ் விளக்கத்தை அப்படியே காப்பியடித்து, கீழே தன் தமிழில் ஒரு விளக்கம், அதற்கும் கீழே ஒரு உதாரணம். உதாரணம் உண்மையாக இருக்க வேண்டும், அவள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஆப் தந்த உதாரணத்தையே எழுதிப் பார்த்தாள். இளவரசன் வீரமானவன் என்று அது சொன்னது. “இளவரசன நான் எங்க போய் பாக்கறது? பொய்யா எழுதினா வார்த்த நிக்க மாட்டேங்குதுங்க. சாயங்காலம் பாத்தா ஓடிப் போயிகினு இருக்குது” என்பாள்.

இந்த ஒரு சட்டத்தால் நோட்டு, கடையின் சரித்திரமாகிவிட்டது. ‘ரிலக்டன்ட்’, அதாவது மனசே இல்லாமல், என்ற பக்கத்தில் முதலாளி ஏசி போடுகிறார். ‘பங்க்சுவல்’ பக்கத்தில் அவள் கணவர் முத்துவேல் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார், மற்ற எதற்கும் வருவதில்லை. ‘மெட்டிக்குலஸ்’, அதாவது சின்ன விஷயத்தையும் விடாமல் கவனமாகச் செய்கிற, என்ற வார்த்தைக்கு அவள் இரண்டு நாள் கடை முழுக்க ஆள் தேடினாள். கடைசியில் சர்க்கரை டப்பாவுக்கு வரும் எறும்பைப் போட வேண்டியதாயிற்று. ‘பெனவலென்ட்: பிறர் நன்மையில் அக்கறை உள்ள’ என்ற பக்கம் பதினோரு மாதமாகக் காலியாக இருக்கிறது. முதலாளி ஹேமநாத் அதைப் பார்த்துவிட்டு, மறந்துட்டியாம்மா என்று கேட்டார். இல்லைங்க, பாத்துகினுதான் இருக்கிறேன் என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பரிமளா பத்தாம் வகுப்பு இங்கிலீஷோடு நிம்மதியாகத்தான் இருந்தாள். தேசூரில் படித்து, ஆரணிக்கு வாக்கப்பட்டு, இந்தக் கடையில் போன் ஆர்டர் எடுக்கச் சேர்ந்தவள். வீடியோ காலில் சேலையை விரித்துக் காட்ட வேண்டும், அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் “யெஸ் மேடம்” சொல்ல வேண்டும். ஒரு நாள் பெங்களூர் அம்மாள் ஒருவர் மாம்பழ மஞ்சள் சேலையைப் பார்த்து, “டூ காடி” என்றார். முகமெல்லாம் சிரிப்பாக, “தேங்க்யூ மேடம், அவர் ஷாப் ஃபுல்லா காடிதான்” என்றாள் பரிமளா. அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் லைனே கட்டாகிவிட்டது. ‘காடி’ என்றால் ரசனையில்லாமல் கண்ணைக் குத்துகிற பகட்டு என்று சாயங்காலம் தேடித் தெரிந்துகொண்டாள். முதல் நோட்டின் முதல் வார்த்தை அதுதான். உதாரணம், அதே மாம்பழ மஞ்சள் சேலை. அந்தம்மா சொன்னது சரிதான் என்று இன்றுவரை வாதாடுகிறாள்.

ஹேமநாத் கெட்டவர் அல்லர். நேர்மை என்ற சொல்லைப் பித்தளையில் அடித்துக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். தினமும் அதைத் துடைக்க ஆள் வைத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு வியாபாரி என்ன செய்ய முடியும்? போன தை மாதத்துக்கு முன்னால் அவருக்கு இன்ஸ்டாகிராமில் கடை வைக்கும் ஆசை வந்தது. மற்ற கடைகளின் பக்கங்களைக் காட்டினார். எல்லாச் சேலையும் டைம்லெஸ்ஸாகவும் எக்ஸ்க்விசிட்டாகவும் இருந்தன. “பன்னெண்டு சேலைக்கு எழுதும்மா. ‘ஆதென்டிக் ஹேண்ட்லூம்’னு எல்லாத்துலயும் வரணும். ஜல்தியா ஆவணும்” என்றார்.

பன்னிரண்டில் பத்து கைத்தறி. மயில்கழுத்து நிறத்தில் இருந்த இரண்டு மட்டும் பவர்லூம். பரிமளாவுக்கு அதைக் கண்டுபிடிக்க எந்தத் திறமையும் தேவைப்படவில்லை. பவர்லூம் ஷெட்டில் அவற்றை ஓட்டியவர் முத்துவேல். மூன்று நாளாகச் சட்டையில் மயில்கழுத்து நூல்தும்போடு அவர் வீட்டுக்கு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதைத்தான் முதலாளியிடம் சொன்னாள்.

ஹேமநாத் கோபப்படவில்லை. “பவர்லூமுக்கும் கையாலதானம்மா ஸ்விட்ச் போடறாங்க” என்றார்.

வீட்டில் முத்துவேல் இதைக் கேட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். எட்டுத் தறியை ஒருத்தனாகக் கையால் நெய்கிறேன் என்றால் எனக்கு எத்தனை கை என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. ஷெட்டுக்குப் பெரிய ஆர்டர் கொடுப்பவரே ஹேமநாத்தான். “கேட்டத எழுதிக் குடுத்துட்டு வா. நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?” என்றார். பரிமளாவுக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. ‘ஆதென்டிக்: நகல் அல்லாத, சொன்னபடியே உண்மையான’ என்று எழுதினாள். உதாரணம் வரவில்லை. சோறு வடிக்கும்போதும் வரவில்லை.

மறுநாள் காலையில் வந்தது. பத்துச் சேலைக்கு முதலாளி சொன்னபடியே எழுதினாள். மயில்கழுத்துச் சேலைகளுக்கு மட்டும், ‘திஸ் சாரி கம்ஸ் இன் அன் ஆதென்டிக் ஹேண்ட்மேட் பாக்ஸ்’ என்று எழுதினாள். சேலை வரும் பெட்டி கையால் செய்யப்பட்ட, உண்மையான பெட்டி. பின்தெருவில் நான்கு பெண்கள் உட்கார்ந்து பசை தடவி ஒட்டும் பெட்டிதான். அவள் கண்ணால் பார்த்தது. ஹேமநாத் ஆதென்டிக் எங்கே என்று தேடினார், இருந்தது. கை எங்கே என்று தேடினார், அதுவும் இருந்தது. பரம திருப்தி.

பொங்கலுக்கு வேலூர் காலேஜிலிருந்து வந்த அவருடைய மகள் காவ்யா, சாப்பிடும்போது போனைப் பார்த்துப் புரையேறச் சிரித்தாள். நம் கடையில் பெட்டி மட்டும்தான் ஒரிஜினலா என்று அப்பாவிடம் கேட்டாள்.

மறுநாள் ஹேமநாத் நிதானமாக டீ குடித்து முடித்துவிட்டு, பரிமளாவைப் பின்கட்டில் சேலை மடிக்கும் இடத்துக்கு அனுப்பினார். போன் அருள்தாஸிடம் போயிற்று. எழுதும் வேலையை ஒரு கம்ப்யூட்டர் ஆப்பிடம் கொடுத்தார். அதற்கு உதாரணம் தேடி யாரையும் உற்றுப் பார்க்க வேண்டிய தொல்லை கிடையாது. நான்கே விநாடியில், மயில்கழுத்துச் சேலை தலைமுறைகளின் விரல்கள் பின்னிய கைத்தறிக் கனவு என்று எழுதித் தந்துவிட்டது. முத்துவேலிடம் பரிமளா இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, எனக்கு வயசே நாப்பத்திரெண்டுதானே என்றார் அவர்.

பின்கட்டில் ஆர்டர் போன் கிடையாது. மூன்று வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த ஊர் ஊரான குரல்கள் நின்றுபோனதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம். ஆனாலும் நோட்டை விடவில்லை. ‘டிமோட்: பதவியில் கீழே இறக்கு. என்னை டிமோட் செய்தார்கள். இங்கே ஃபேன் நன்றாக ஓடுகிறது.’

கனவு இரண்டு மாதம் ஓடியது. இரண்டு மயில்கழுத்தில் ஒன்றைக் கோயம்புத்தூர் ஜெயப்ரியா என்பவர் தன் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கினார். வருங்கால மாமியார் முப்பது வருடம் கைத்தறி நெய்தவர் என்பது ஆப்புக்குத் தெரிய நியாயமில்லை. அந்த அம்மாள் வந்திருந்தவர்கள் எதிரில் முந்தானையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த மில்லில் எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். ஜெயப்ரியா கடைக்கு நீளமாக இங்கிலீஷில் எழுதினார். இதை எல்லோரும் பார்க்கப் போடுவேன் என்றும் எழுதினார். ஹேமநாத் ஆப்பையே பதில் எழுதச் சொன்னார். உங்கள் உணர்வுகளை ஆழ்ந்து மதிக்கிறோம் என்று அது ஒரு பக்கம் மதித்தது. அங்கே மனிதர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று பதில் வந்தது.

அப்போதுதான் அவர் பின்கட்டுக்கு வந்தார்.

“ஒரு லெட்டர் எழுதணும்மா. ‘இனட்வர்டென்ட்லி’னு ஒரு வார்த்த இருக்குதாம், காவ்யா சொல்லிச்சு. அத போட்டு, சேலை மாறிப் போச்சுன்னு எழுது.”

பரிமளா வார்த்தையைத் தேடினாள். விளக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். தெரியாமல், கவனக்குறைவால்.

“எழுதறேங்க. அதுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க. நம்ம கடையில தெரியாம நடந்தது எது?”

ஹேமநாத் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஃபேனைப் பார்த்தார், அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். இருபது வருட வியாபாரத்தில் தெரியாமல் நடந்தது ஒன்றுகூட அகப்படவில்லை.

“தெரிஞ்சே அனுப்பினோம்னு எழுதினா, கடைய மூடிகினு போவ வேண்டியதுதான்” என்றார்.

“எனக்கும் பயம்தாங்க. எங்க வூட்டுக்காரர் வேலையும் இதுலதான் இருக்குது. ஆனா அவங்க மனுஷங்க இருக்கீங்களான்னு கேட்டுகினு இருக்காங்க.”

அவர் போனை நீட்டினார். பரிமளா ஐந்து வரி எழுதி, தமிழில் படித்துக் காட்டினாள். இது பவர்லூம் சேலை. எங்களுக்குத் தெரியும், தெரிந்தே கைத்தறி என்று போட்டோம். உங்கள் மாமியார் சொன்னது சரி. சேலையைத் திருப்பி அனுப்புங்கள், பணம் முழுவதும் வரும். உங்களுக்குத் தலைகுனிவு வந்தது எங்களால்தான், மன்னியுங்கள்.

மூன்று வருடமாகச் சேர்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. பெரிய வார்த்தையே காணோமே என்றார் ஹேமநாத். தேவைப்படவில்லை என்றாள். அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டு, அனுப்பு என்று கையை அசைத்தார்.

ஜெயப்ரியா மனம் நெகிழ்ந்து கல்யாணத்துக்குப் பத்துச் சேலை ஆர்டர் கொடுத்தார் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். கொடுக்கவில்லை. ஓகே என்று மட்டும் பதில் வந்தது. ஊரறிய எதையும் போடவில்லை. கடை மூடவில்லை, ஷெட்டும் ஓடுகிறது.

ஐந்தாம் நாள் கூரியரில் சேலை திரும்பி வந்தது. பரிமளா பிரித்து, கறை இருக்கிறதா என்று கரையோரமாகத் தடவிப் பார்த்து, அதன் பழைய மடிப்பிலேயே மடித்தாள். கைத்தறி அலமாரி வாசலுக்கு நேராக, விளக்கு வெளிச்சத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. பவர்லூம் அலமாரி உள்ளே தள்ளி, மேல்தட்டில். அவள் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு, கைத்தறி அலமாரியைத் தாண்டிப் போய், மர ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கம் ஆடியது. கல்லாவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த ஹேமநாத் போனைக் கீழே வைத்துவிட்டு வந்தார். குனிந்து, ஸ்டூலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.