மேட் மேல் தெளித்த தண்ணீர்

மேல்பட்டாம்பாக்கத்து இளவரசுவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. தாலி கட்டும்போது அவர் கால் ஆடிய ஆட்டத்தில் மணவறையே நகர்ந்துபோய், ஐயர் ஹோம குண்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியிருந்தது. பண்ருட்டியில் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றுகிற வேலை. வயது நாற்பது ஆகியும் ஊர்க் கபடி அணிக்கு அவர்தான் கேப்டன். நெல்லிக்குப்பத்தில் பஸ் ஏறி ‘கபடி கபடி’ என்று ஆரம்பித்தால் பண்ருட்டியில் இறங்கித்தான் மூச்சு விடுவார். அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். நடுவில் எப்படி டிக்கெட் கேட்டு வாங்கினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கபடி என்றால் அவருக்கு மண் கபடிதான். வெறுங்கால், உள்ளங்கையில் மண், முழங்கையில் சிராய்ப்பு. அவர் மனைவி கயல்விழியின் தம்பி பாலகுமாரோ சிதம்பரத்தில் மேட் கபடி ஆடுகிறவன். ரப்பர் விரிப்பு, ஷூ, முழங்கால் உறை. இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் கயல்விழி சாம்பார் வாளியோடு நடுவில் நின்றுகொள்வாள்.

“நீங்க ஆடுறது கபடி இல்ல மாமா, நாத்து நடறது” என்பான் அவன்.

“மெத்தையில உழுந்து எழுந்திரிக்க சிதம்பரம் வரைக்கும் எதுக்கு மச்சான் போவணும்? வூட்லயே படு” என்பார் இவர்.

இந்தக் காணும் பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் சிதம்பரம் அணியைக் கூப்பிட்டார்கள். மேட் இருந்தால்தான் வருவோம் என்றார்கள் அவர்கள். கடலூரிலிருந்து வாடகைக்கு மேட் வந்தது. ஷூ போடாதவர் இறங்க முடியாது. இளவரசு மறுத்தால் அணியில் இளையவனான செந்தமிழ்செல்வன்தான் கேப்டன். நாற்பது வயதில் ஒரு தடவை வெளியே நின்றுவிட்டால் மறுபடி யார் கூப்பிடப் போகிறார்கள்? அது அவருக்குத் தெரியும். ஆடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்தார். கயல்விழிகூட, உட்காராவிட்டால் போகிறது, ஒரு பக்கமாகவாவது நடக்கச் சொன்னாள்.

கடைசியில் யாருக்கும் தெரியாமல் பண்ருட்டியில் ஒரு ஷூ வாங்கி, லாரி மறைவில் போட்டு ஓடிப் பழகினார்.

ஆட்டத்தன்று விடியலில் களத்துக்குத் தண்ணீர் தெளிப்பது சிறு வயதிலிருந்தே அவர் வேலை. புழுதி அடங்க வேண்டும், சேறாகவும் கூடாது. அந்தப் பதத்தை அவர் கால் விரல்தான் சொல்லும். அன்றைக்கும் இருட்டு பிரியுமுன் எழுந்தார். கால் பழகட்டும் என்று ஷூவை மாட்டிக்கொண்டே போனார். மனசு முழுக்க முதல் ரெய்டு. கை பாட்டுக்குக் குழாயைத் திறந்தது. முந்தின மாலையே களத்தில் மேட் விரித்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டிய விரல்கள் ஷூவுக்குள் கிடந்தன. வெளிச்சம் வந்தபோது நீல விரிப்பின் மேல் குளம் நின்றது. இரண்டு வாத்துகள் நீந்தியதாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தது ஒன்றுதான்.

அதற்குள் சிதம்பரம் வேன் வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்த வேலை என்று அவர்கள் வேனிலிருந்து இறங்க மறுத்தார்கள். ஊர்க்காரர்களுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம். ஆட்டத்தை நடத்துகிற கோவிந்தசாமி சமாதானமாக ஒரு வழி சொன்னார்.

“மேட்ட கழட்டிடலாம்ப்பா. அடியில நம்ம மண்ணுதான. அங்கயே ஆடிக்கலாம்.”

இளவரசு ஆசைப்பட்டது அதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தண்ணீர் ஊற்றி ஜெயித்தவன் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். அவர் வேட்டியை அவிழ்த்தார். உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது, பயப்பட வேண்டாம். மண்டியிட்டு அந்த வேட்டியாலேயே விரிப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

“மேட்லதான் ஆட்டம்” என்றார் நிமிராமல்.

பாலகுமார் மட்டும் வேனிலிருந்து இறங்கிக் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். மாமாவின் காலில் நனைந்த ஷூ. பக்கவாட்டில் ஒட்டிய விலைச் சீட்டுகூட இன்னும் கிழியவில்லை.

“சதி பண்றவன் ஷூ வாங்குவானாடா?” என்று வேனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் துண்டை எடுத்து மறுமுனையிலிருந்து துடைத்தான். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

முதல் ரெய்டு இளவரசு. பழக்கதோஷத்தில் மண் எடுக்கக் குனிந்தார். விரலில் ரப்பர்தான் நிரடியது. கூட்டம் சிரித்தது. வெறுங்கையைத் தேய்த்துக்கொண்டு ‘கபடி கபடி’ என்று பாடிப் போனார். ஒருவனைத் தொட்டுத் திரும்பும்போது புது ஷூ வழுக்கியது. பாலகுமார் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். விசில் ஒலித்தது.

“அவுட்டு மாமா. பாட்ட நிறுத்துங்க.”

அவர் நிறுத்தவில்லை. குப்புறக் கிடந்தபடி, இன்னொரு காலை உதைத்துக்கொண்டு, நடுக்கோட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டேயிருந்தார். பாலகுமாரும் பிடியை விடவில்லை.

நான் வீட்டுக்குப் போய்ப் பொங்கலைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.